எட்டு மெத்தைகள்



மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் கற்றுக்கொடுக்கும் ஸூராக்களில் ஒன்று ஸூரத்துல் மாஊன். ஏழே வசனங்கள். அதன் கடைசிச் சொல்லான 'மாஊன்' என்பது, ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்கு இரவல் கொடுக்கும் வாளி, சட்டி போன்ற பண்டங்களைக் குறிக்கும் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியிருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தொழுகையில் பராமுகமாக இருப்போரைக் கண்டிக்கும் ஸூராவில் சட்டிக்கும் வாளிக்கும் என்ன வேலை என்று ஒரு மாணவன் கேட்டான். நாம் அரைமணி நேரம் விளக்கினோம். வகுப்பு முழுவதும் அந்த விளக்கம் விளங்கிற்று, விளக்கியவருக்கு மட்டும் விளங்கவில்லை.

2023 நவம்பரில் நடந்தது இது. மில்லர்புரத்தில் எமது தெருவிலேயே, ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் சகோதரி ஒருவர் எமது வாசலுக்கு வந்தார். பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்த மகளுக்கு, நாற்பது நாளைக்கு மட்டும் ஒரு மெத்தை இரவல் வேண்டும் என்றார். எமது வீட்டில் நாங்கள் ஐந்து பேர், மெத்தைகளோ எட்டு. எல்லாம் பஞ்சு. அவற்றுள் நான்கு, பின்னறையில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. "ஊரிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள், தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். "பரவாயில்லை ஹஜரத்" என்று அவர் சென்றார். உள்ளே இருந்த எமது உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எமது மனைவிதான், "எந்த விருந்தாளி?" என்று கேட்டார்.

விருந்தாளி என்ற சொல்லை நாம் சும்மா எடுக்கவில்லை. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. அதன் மூன்றாவது விரிப்பை மட்டும் பிடித்துக்கொண்டோம். தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதையே அது கண்டிக்கிறது என்று இமாம் நவவீ அவர்கள் எழுதியிருப்பதும் நமக்குத் தெரியும். படித்தவனுக்கு இது ஒரு வசதி. தனக்கு வேண்டிய இடத்தில் ஹதீஸை நிறுத்திக்கொள்ளத் தெரியும்.

அடுத்த மாதம் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை தொடங்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதை இவ்வூர்ப் பக்கத்தவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டபோது, அதிலிருந்தவர்களுக்குப் புதுக்குடி ஊர் மக்கள் தம்மிடம் இருந்ததைக் கொண்டு சமைத்துக் கொடுத்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். எமது வீட்டில் திங்கட்கிழமை பஜ்ருக்கு எழுந்தபோது கட்டில் கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. ளுஹருக்குள் தண்ணீர் தொடையளவு ஏறியது.

உம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, மூட்டுவலி வேறு. எங்கே தூக்கிச் செல்வது என்று நாம் வாசலில் நின்றபோது, மாடியிலிருந்து அந்தச் சகோதரியே கூப்பிட்டார். "உம்மாவை இங்கே கொண்டு வாங்க ஹஜரத்." ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. அங்கே அவரும் மகளும் பத்து நாள் குழந்தையும் இருந்தனர். கூட நாங்கள் ஐவர். தரையில் ஒரு மெத்தை விரித்திருந்தது. எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தார் இரவல் கொடுத்ததாம். பிள்ளை பெற்றவள் அதிலிருந்து எழுந்து பாயில் உட்கார்ந்துகொண்டு, உம்மாவை மெத்தையில் படுக்கவைத்தாள். நாம் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. அன்றிரவு சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த எமக்குத் தூக்கம் வரவில்லை. மழையின் சத்தம் அதற்குக் காரணமல்ல.

தண்ணீர் வடிய ஒன்பது நாட்கள் ஆயின. பின்னறையைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நனைந்த பஞ்சு மெத்தையை இரண்டு ஆட்களால் அசைக்க முடியாது. நான்கு பேர் சேர்ந்து, ஒவ்வொன்றாய் இழுத்துத் தெருவில் போட்டோம். மேலே இருந்தது நனையவில்லை, ஆனாலும் பூசணம் பிடித்திருந்தது. குப்பை அள்ளும் டிராக்டரில் ஏற்றும்போது அந்தச் சகோதரி மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் குத்தலான எதுவும் இல்லை. இருந்திருந்தால் எமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மெத்தைகளோடு போனவை வேறு பல. நிக்காஹ்வுக்கு வந்து உறை பிரியாத கண்ணாடிக் கோப்பைகள், வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கம்பளிகள், எவருக்கும் அளவு பொருந்தாத சட்டைகள். மிஞ்சியது உம்மாவின் பெரிய செம்பு அண்டா. ஏனென்றால் அது எமது வீட்டில் இல்லை. நோன்புக் கஞ்சிக்காக உம்மா பல ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். வெள்ள நாட்களில் பள்ளிவாசல் மாடியில் அந்த அண்டாவில்தான் சோறு பொங்கினார்கள். எமது பிள்ளைகளும் அதில்தான் சாப்பிட்டார்கள். ஓர் ஆட்டை அறுத்துப் பங்கிட்டபின், தோள்பகுதி மட்டும் மிஞ்சியது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, அந்தத் தோளைத் தவிர மற்ற எல்லாமே மிஞ்சியது என நபி (ஸல்) அவர்கள் திருத்தியதாகத் திர்மிதீயில் வரும் செய்தி, அண்டாவைப் பார்த்தபோதுதான் எமக்குள் இறங்கியது.

இப்போது 'மினிமலிசம்' என்ற பெயரில் இளைஞர்கள் இதைப் பேசுகிறார்கள். ஜப்பானின் மரீ கொண்டோ, ஒரு பொருளைக் கையிலெடுத்து அது மனத்திற்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். நல்ல பழக்கம்தான், வீடு சுத்தமாகும். ஆனால் எமது மெத்தைகள் எமக்கு மகிழ்ச்சி தரவே செய்தன! அடுக்கைப் பார்த்தாலே நிறைவாக இருக்கும். இந்தப் பொருளில் யாருக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்வியை அல்லவா நாம் கேட்டிருக்க வேண்டும்? கேட்பவருக்கும் கேட்க முடியாதவருக்கும் நம் செல்வத்தில் உரிமை உண்டு என்று ஸூரத்துல் மஆரிஜ் சொல்கிறது.

குறைப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. வெள்ளத்திற்குப் பின் எமது பகுதிக்கு வந்த துணி மூட்டைகளில் சில, பொத்தானில்லாத சட்டைகளும் கிழிந்த பாவாடைகளுமாக இருந்தன. அவற்றைத் தெருவோரத்திலேயே போட்டுவிட்டார்கள். நமக்கே கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டோம் என்ற பொருளைப் பிறருக்குக் கொடுக்க நாடாதீர்கள் என்பது அல்பகராவின் 267ஆம் வசனக் கருத்து. வீட்டை ஒழித்துக்கொள்வதற்கு ஸதகா என்று பெயர் வைக்கக் கூடாது.

இன்று எமது வீட்டில் ஆளுக்கு இரண்டு போர்வைகள், ஐந்து மெத்தைகள். சாப்பாடு ஒரே சஹனில், ஐவரும் சுற்றி அமர்ந்து. கழுவும் தட்டுகள் குறைந்ததில் முதலில் மகிழ்ந்தவர் எமது மனைவி. வெள்ளிக்கிழமை காலை முழுவதும் தூசி தட்டிய நேரத்தில் இப்போது அவர் ஸூரத்துல் கஹ்பு ஓதி முடித்துவிடுகிறார். கிதாபுகள் விஷயத்தில் மட்டும் நாம் திருந்தவில்லை. கீழ்த்தட்டில் நனைந்து போனவற்றுள் பாதிக்கு மேல் மறுபடி வாங்கியாயிற்று, இரண்டை இன்னும் பிரிக்கவேயில்லை. மனைவி அவற்றைப் பார்க்கும்போது நாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம்.

மதரஸாவின் ஒரு சிறு அறையில் இரவல் சாமான்கள் வைத்திருக்கிறோம். இரண்டு மெத்தை, வெந்நீர்ப் பை, ஊன்றுகோல், பெரிய சட்டிகள், ஒரு தொட்டில். எடுப்பவர் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம், எந்த மதத்தவராயினும் சரி. முதல் மெத்தைக்குப் பணம் கொடுத்தது உம்மா. முதல் கையெழுத்து அந்த எதிர்வீட்டாருடையது. அவர்கள் பாட்டிக்கு உடல்நலமில்லை என்று எடுத்துச் சென்றது இன்னும் திரும்பவில்லை, நாமும் கேட்கவில்லை. சென்ற வாரம் ஊரிலிருந்து உண்மையாகவே விருந்தாளிகள் வந்தார்கள். எமது மெத்தைகளை அவர்களுக்கு விரித்துக் கொடுத்துவிட்டு, மகனும் நாமும் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டோம்.