ஓசைப்படாத பெட்டி

வீட்டையே மோட்டார் வண்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது மேல்நாட்டாரின் விசித்திரங்களில் ஒன்று என்று எண்ணுகிறவர்கள் நம் கூண்டு வண்டியை மறந்துவிட்டவர்கள். அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், தலையணை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் புறப்பட்டு, பத்து நாள் வண்டியடியிலேயே குடித்தனம் செய்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த வண்டியில் ரெப்ரிஜிரேட்டர் மட்டும் இல்லை. இல்லாததனால் அது கெட்டுப்போகவும் இல்லை.

இப்போது அந்த வழக்கம் டீசல் குடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. கேரள அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் இதற்கென்றே "கேரவன் கேரளா" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்த ஆசை எங்கள் குடும்பத்தையும் தொற்றியது. பழைய வேன் ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ச்சிப் பெட்டி எல்லாம் வைத்துக் கட்டி வாங்கினோம். முதல் மூன்றும் இன்றுவரை சௌக்கியம். நான்காவதைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

சித்திரை வெயில் முற்றிய சமயம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. எங்கள் பாட்டியும் உடன் வந்தாள். பாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டாக வேண்டும். வண்டியில் குளிர்ச்சிப் பெட்டி வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தது மோருக்காகவும் மாம்பழத்துக்காகவும் அல்ல, அந்த மருந்துக்காகத்தான்.

கோவளத்தைக் கடந்ததும் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஸ்தலம். 108 திருப்பதிகளுள் ஒன்று. காலவ ரிஷியின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருத்தியாக மணந்து, முடிவில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார் வராகப் பெருமாள் என்பது ஸ்தல புராணம். கல்யாணம் ஆகாதவர்கள் இங்கே மாலை அணிந்து பிராகாரத்தைச் சுற்றி வருவார்கள். அந்த மாலையைப் பத்திரப்படுத்தி, மணமான பிறகு தம்பதிகளாக வந்து சேர்ப்பிப்பார்கள். எங்கள் சித்தப்பாவின் பெண்ணும் அன்று சுற்றி வந்தாள். மாலையைச் சற்றுக் குளிர்ச்சியில் வைக்கலாம் என்று வண்டிக் கதவைத் திறந்தால், கண்ணைக் கரிக்கும் நெடி ஒன்று முகத்தில் அறைந்தது. அம்மோனியா!

குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காஸை மூடி, ஜன்னல்களைத் திறந்தோம். நெடி அடங்கியபின் பெட்டிக்குள் இருந்த உஷ்ணமானியைப் பார்த்தோம். 8 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியது 19 டிகிரியில் நின்றது.

கோவளத்து மீன்துறை அருகில்தானே! கூடைக்காரி ஒருத்தி கேட்ட மாத்திரத்தில் ஒரு வாளி ஐஸ் கொடுத்தாள். "மருந்தை இதுக்குள்ளேயே புதைச்சு வச்சிடும்மா, ஒண்ணும் ஆகாது" என்று யோசனையும் சொன்னாள். அவள் மீனுக்கு அது சரி. மருந்துக்கடைக்காரர் பதறிப்போய், "ஐயோ, ஐஸ் மேலே படக்கூடாது பாட்டிம்மா! உறைஞ்சு போனா அப்புறம் அது மருந்தே இல்லை" என்றார். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய குடும்பங்கள் நம்மில் பல இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி வரையில் இருக்க வேண்டும். திறந்து உபயோகித்துக்கொண்டிருப்பது, பெரும்பாலான வகைகளில், கடும் வெயில் படாத அறையில் சுமார் 4 வாரம் தாங்கும். உறைந்த மருந்தோ, உருகி முன்போலவே தோன்றினாலும், குப்பையில் போட வேண்டியதுதான். ஐஸ் மேல் கனத்த துணி மடித்து, அதன்மேல் டப்பா வைத்து, டப்பாவுக்குள் மருந்தை வைப்பதே முறை. ஈர மணலில் பதித்த மண்பானை செங்கல்பட்டுப் பக்கத்து வறண்ட மேல்காற்றில் நன்றாய்க் குளிரும். கடலோரத்து ஈரக் காற்றில் அவ்வளவு குளிராது. திறக்காத இரண்டு குப்பிகளை அந்தப் புண்ணியவான் தம் கடைப் பெட்டியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாளி ஐஸைப் பார்த்தபோது சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ் நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் குளங்களில் பனிக்காலத்தில் உறைந்த நீரை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார் பிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வர்த்தகர். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. 1842-இல் சென்னைக் கட்டிடம் எழும்பியது. துரைமார்களின் கிளாஸில் மிதப்பதற்காக ஐஸ் பூமியைப் பாதி சுற்றி வந்தது. இந்நாட்டிலேயே யந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் கரைந்தது. பிறகு கை மாறிய அதே கட்டிடத்தில் 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். கடல் கடந்து வந்த குளிர்ச்சி நம் வெயிலில் நிலைப்பதில்லை என்பதற்கு எங்கள் வண்டியிலும் ஓர் உதாரணம் காத்திருந்தது.

திருப்போரூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சினிமாப் படப்பிடிப்புக்குப் போகும் கேரவன்களில் எத்தனையோ பெட்டிகளைச் சீர்செய்த கை. பெட்டியின் முதுகைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, திகைத்து நின்றார்.

"இதிலே கம்ப்ரஸரே இல்லையே, சார்! எதை ரிப்பேர் பண்றது?"

அவர் சொன்னது உண்மை. நம் வீட்டுப் பெட்டிகளில் மோட்டார் ஒன்று வாயுவை அழுத்தித் தள்ளும். இதுவோ 1922-இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு இளம் மாணவர்கள் கண்டுபிடித்த ஓசையில்லாத வகை. அடியில் ஒரு சிறு காஸ் தீபம் எரிகிறது. அந்தச் சூட்டில், நீரில் கரைந்த அம்மோனியா ஆவியாகி மேலே ஏறுகிறது. மேலே குளிர்ந்து திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் இறங்கி மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் நீரிலே கரைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. நெருப்பைக் கொண்டு குளிர்ச்சி உண்டாக்கும் வித்தை! ஆட்டமில்லை, சப்தமில்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல பெட்டி கிடையாது என்றே சொல்வோம்.

ஆனால் இதற்குச் சில நியமங்கள் உண்டு. உள்ளே திரவம் தன் பாரத்தாலேயே வழிந்து ஓடுவதால், நிற்கும் வண்டி மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தே நாங்கள் இரவுதோறும் வண்டியை நிறுத்தி வந்தோம். சாய்ந்த நிலையில் எரிந்தால் கொதிகலம் வறண்டு காயும். துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்த மஞ்சள் உப்பு கட்டி தட்டிக் குழாயை அடைக்கும். பெட்டியின் முதுகுப்புறம் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்று வழிகள் வேண்டும். எங்கள் பட்டறைக்காரர் அழகு கெடும் என்று கீழ்வழியைத் தகட்டால் மூடிவிட்டிருந்தார்! பெட்டி தன் வெப்பத்திலேயே வெந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அந்தத் தகட்டைப் பிடுங்கியபோது, குழாய் மடிப்பில் மஞ்சள் பொடி பூத்திருந்தது. அம்மோனியா நெடியும் மஞ்சள் பொடியும் சேர்ந்து வந்தால் குழாய் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம்; அந்தப் பொடி விஷம், கையால் தொடக்கூடாது.

"பத்த வச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டவர், உள்ளே ஹைட்ரஜன் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 20 மடங்கு அழுத்தத்தில் அடைத்த பாத்திரம் அது என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். தெருவோரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல அது. முதுகுக் குழாய்த் தொகுதி முழுவதையும் அயல்நாட்டிலிருந்து தருவித்து மாற்றலாம். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் அந்தக் கட்சி. பெட்டி புதிதுபோல் பளபளவென்று இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். அப்போது பெட்டியின் உட்சுவரில் ஒட்டியிருந்த சிறு தகட்டைப் படித்தோம். அதிலே "என்" என்ற ஆங்கில எழுத்து. சுற்றுப்புறம் 16 முதல் 32 டிகிரி வரையில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று அதற்குப் பொருள். நமக்கு வேண்டியது 43 டிகிரி வரை தாங்கும் "டி" வகை. செங்கல்பட்டுச் சீமையில், மூடிய வண்டிக்குள், சித்திரை மாதத்தில் 32 டிகிரி என்பது விடியற்காலையில் காணும் சொப்பனம். புதிய குழாய் போட்டாலும் அதே கதைதான். பாட்டி ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டாள்: "நம்ம ஊர் வெயில் தாங்காததை ரெண்டாந்தரம் வாங்குவானேன்?"

ஆகவே, "டி" வகையில் 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் பெட்டி வாங்கினோம். கணக்கு சுலபம். ஓடும்போது 45 வாட். நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் 1200 வாட்-மணி இருந்தாலும், ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான். ஆகவே கூரைமேல் சூரியத் தகடும் வைத்தோம். வெயில் நமக்குச் செய்யும் கெடுதலுக்கு இப்படியாவது ஈடு கட்டட்டும்! பழைய பெட்டியை மின்சாரத்தில் ஓட்டினால் 100 வாட்டுக்கு மேல் ஓயாமல் இழுக்கும்.

மெக்கானிக் இப்போது தம் சொந்த ராஜ்யத்துக்கு வந்துவிட்டார். பாட்டரியிலிருந்து பெட்டி வரை விரல் கனத்துக்குக் கம்பி இழுத்தார். மெல்லிய கம்பியில் வோல்டேஜ் வழியிலேயே கரைந்து, பெட்டி அடிக்கடி தானே நின்றுவிடுமாம். கெட்டுப்போயிற்று என்று தம்மிடம் வரும் பெட்டிகளில் பல வெறும் கம்பிக் குற்றம்தான் என்றார். உப்புக் காற்றில் பச்சை பூக்காமலிருக்க முனைகளுக்குக் கிரீஸ் தடவினார். காற்று வழிகள் இரண்டையும் வலைபோட்டுத் திறந்தே விட்டார்.

மறுநாள் மாலை உஷ்ணமானி 5 டிகிரி காட்டியது. மருந்துக்கடையிலிருந்து குப்பிகளைத் திரும்ப வாங்கி வந்து, உறையும் தட்டை விட்டு விலக்கிக் கதவோரத்தில் வைத்தோம். புதிய பெட்டி இரவில் லேசாக உறுமுகிறது. அது நின்றால் பாட்டி விழித்துக்கொள்கிறாள். மறுபடி உறுமத் தொடங்கியதும் தூங்குகிறாள். பழையதன் முதுகுக் குழாய்களைக் கையுறை போட்டுக் கழற்றி, விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்தோம். மிஞ்சிய வெற்றுப்பெட்டி வீட்டு வராந்தாவில் இருக்கிறது. கதவு நன்றாக மூடுகிறது, எறும்பு ஏறுவதில்லை. பாட்டி அதில் வற்றல் வடாம் போட்டு வைத்திருக்கிறாள்.