உருளைக்கிழங்கும் ஒரு மணியும்

நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வந்து நாலு மாசம். சனிக்கிழமை சிவப்பு கேபிள் காரில் மேலே போனோம். 1902இல் தொடங்கிய தடம். தாவரவியல் பூங்கா வழியாக இறங்கும்போது காற்று ஆளையே தள்ளியது. அவர் என் கையை விடவே இல்லை.

ஞாயிறு காலை துறைமுகச் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கினோம். பக்கத்திலேயே தே பாப்பா அருங்காட்சியகம். அதன் சேகரிப்பில் தமிழ் பொறித்த வெண்கலக் கப்பல் மணி ஒன்று இருப்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி! 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். இவ்வளவு தூரம் எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் கிழங்கும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அவர் தீயைக் குறைத்துவிட்டு, "இன்னொரு தடவை படிம்மா" என்றார்.