தாம்பரம் டு கோடம்பாக்கம்: 6 கம்பி, 11 ஸ்டேஷன்!

தாம்பரம் ஸ்டேஷன்ல காலையில மின்சார ரயிலுக்கு நிக்கிற கூட்டத்தை ஒரு வாரம் நோட்டம் விடுங்க. லேப்டாப் பை, டிராஃப்டர், டிபன் கூடை... நடுவுல எங்கேயாவது ஒரு கறுப்பு கிடார் பை கண்ணுல படும். பெரும்பாலும் அது காலேஜ் கல்சுரல்ஸ் பார்ட்டியா இருக்கும். ஆனா என்னைக்காவது ஒருநாள் அது ரெக்கார்டிங் போற ஆளாகவும் இருக்கலாம். அவர் வாசிச்ச பாட்டை நாம ஆயிரம் தடவை கேட்டிருப்போம். பேர் மட்டும் தெரியாது!

இவங்களுக்கு 'செஷன் கிடாரிஸ்ட்'னு பேர். கூப்பிட்டா வரணும், கொடுத்ததை வாசிக்கணும், அன்னைய சம்பளத்தை வாங்கிட்டுக் கிளம்பணும். பாட்டு ஹிட்டானா புகழ் பாடினவருக்கும் இசையமைப்பாளருக்கும். இந்த வேலையோட கதையைத் தெரிஞ்சுக்க லைப்ரரி எல்லாம் வேணாம் பாஸ். தாம்பரத்துல ஒரு டிக்கெட் எடுத்து ஏறுங்க. 11-வது ஸ்டேஷன் கோடம்பாக்கம்.

1931-லேயே கரண்ட்ல ஓட ஆரம்பிச்ச லைன் இது. 2004 வரைக்கும் இதுல மீட்டர் கேஜ் ரயில்தான் குலுங்கிக்கிட்டு ஓடுச்சு. கிழக்குத் தாம்பரம் பக்கம் இறங்கினா மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுன்ல இருந்து 1937-ல இங்கே குடிவந்த காலேஜ். அவங்க 'டீப்வுட்ஸ்' கல்சுரல்ஸ் நம்ம ஏரியா பசங்களுக்குத் திருவிழா மாதிரி.

அடுத்து சானடோரியம், அப்புறம் குரோம்பேட்டை. இங்கே 1949-ல ஆரம்பிச்ச எம்.ஐ.டி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்ச இடம். கலாம் ராக்கெட்டும் விட்டார், வீணையும் வாசிச்சார். 'இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்குக் கம்பி எதுக்கு?'ன்னு வீட்டுல கேட்டா, இதைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்!

பல்லாவரத்துல வெள்ளிக்கிழமை சந்தை. பழைய ஸ்பீக்கர்ல இருந்து பழைய சைக்கிள் வரைக்கும் கிடைக்கும். இங்கேயும், நாலு ஸ்டேஷன் தள்ளி பரங்கிமலையிலயும் ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள் பல தலைமுறையா இருக்காங்க. சர்ச்சுல கொயர், வீட்டுல பியானோ, கல்யாணத்துல டான்ஸ் பேண்ட்... மெட்ராஸ் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேற்கத்திய வாத்தியம் வந்த வழிகள்ல இதுவும் முக்கியமான ஒண்ணு.

கிண்டி தாண்டும்போது ஐ.ஐ.டி-யை நினைச்சுக்கோங்க. அங்கே கப்பல் கட்டுமானப் படிப்பு படிச்சவர்தான் கிடாரிஸ்ட் பிரசன்னா. டிகிரியைக் கையில வெச்சுக்கிட்டு அமெரிக்காவோட பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். எலெக்ட்ரிக் கிடார்ல கர்நாடக இசை வாசிக்கிறார்னா இன்னைக்கு உலகமே அவர் பேரைச் சொல்லும்.

சைதாப்பேட்டை, மாம்பலம்... இதோ கோடம்பாக்கம்! இந்த ஊரோட மிகப் பெரிய செஷன் கிடாரிஸ்ட் யார் தெரியுமா? சாட்சாத் இளையராஜா! 1968-ல மெட்ராஸ் வந்தவர், மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை கத்துக்கிட்டார். 1976-ல 'அன்னக்கிளி' வர்ற வரைக்கும் சலில் சௌத்ரி உள்ளிட்ட பலருக்குக் கிடார் வாசிச்சார். அப்புறம் அவரோட 'இளைய நிலா'வுக்கு (1982) கிடார் வாசிச்சது ஆர்.சந்திரசேகர். அந்தக் கிடாரை வாயாலேயே பாடிக் காட்டுவோம். ஆனா அவர் பேரைச் சொல்லச் சொன்னா முழிப்போம்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல, டெட்ராய்ட் நகரத்துல 'மோடவுன்'னு ஒரு ரெக்கார்டு கம்பெனி. ரிதம் அண்ட் ப்ளூஸ், சோல் ஹிட்ஸா கொட்டுச்சு. அதுல பெரும்பாலானதுக்கு வாசிச்சது 'ஃபங்க் பிரதர்ஸ்'னு ஒரே கோஷ்டி. 1971-ல மார்வின் கே ஆல்பத்துலதான் அட்டையில அவங்க பேரை அச்சடிச்சாங்க. அந்த கோஷ்டியில ஒருத்தர் ராபர்ட் ஒயிட். 'மை கேர்ள்' (1964) பாட்டோட ஆரம்பத்துல வர்ற கிடார் அவர் கைவண்ணம். பல வருஷம் கழிச்சு ஓட்டல்ல சாப்பிட உட்கார்ந்தா, அதே பாட்டு ஓடுது. சர்வர்கிட்ட 'இது நான் வாசிச்சது'ன்னு சொல்ல வாயெடுத்தவர், நம்ப மாட்டானேன்னு பேசாம ஆர்டர் மட்டும் சொன்னாராம். 2002-ல வந்த டாகுமென்டரியில இந்தக் கதை வரும். கேட்டா சாப்பாடு இறங்காது.

நம்ம பக்கம் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன், இசைக் கலைஞர்களைத் திரட்டிச் சங்கம் கட்டினார். சம்பளத்தைப் பேசி வாங்குற பலம் அதுல வந்தது. பேர் வந்தது கேசட், சி.டி. அட்டையில. ஏ.ஆர்.ரஹ்மான் ஆல்பங்கள்ல வாசிச்சவங்க பட்டியலையே போட்டாங்க. பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ், கிடார் கெபா ஜெரமையா எல்லாம் நமக்குப் பேராத் தெரியுறது அப்படித்தான்.

வேலையும் மாறிப்போச்சு. அந்தக் காலத்துல மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஹால்ல உட்கார்ந்து வாசிக்கும். ஒருத்தர் ஒரு சுரம் தப்பினா எல்லாரும் முதல்ல இருந்து! இப்போ கிடாரிஸ்ட் தனியா வந்து, ஹெட்போன்ல கிளிக் சத்தத்தைக் கேட்டு வாசிச்சுட்டுப் போறார். பலர் வீட்டுலேயே பதிவு பண்ணி ஃபைலா அனுப்பிடறாங்க. கிடார் மாதிரியே ஒலிக்கிற சாஃப்ட்வேரும் வந்தாச்சு. சாதாரண ஸ்ட்ரம்மிங் மட்டும் தெரிஞ்சா கூப்பிட ஆள் இல்லை. நோட்டேஷன் பார்த்ததும் வாசிக்கணும், ப்ளூஸும் வரணும், குத்துப் பாட்டும் வரணும், தாளம் இம்மி பிசகக் கூடாது.

மாசச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. அதனால 'டிகிரியைத் தூக்கிப் போட்டுட்டு ரயில் ஏறு'ன்னு நான் சொல்லப் போறதில்லை. சொல்றது ஒண்ணுதான். இன்னைக்கு ராத்திரி உங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டு, குரலுக்குக் கீழே ஓடுற கிடாரை மட்டும் கேளுங்க. அப்புறம், அது யாருன்னு தேடிக் கண்டுபிடிங்க. எங்கேயாவது அந்த ஆளைப் பார்த்தா, 'சார், அது நீங்கதானே?'ன்னு முந்திக்கிட்டுக் கேளுங்க!