ஒருநாட் செலவு

செலவு என்னுஞ் சொல் இந்நாளிற் பணத்தையே குறிப்பதாயினும், பண்டைத் தமிழ்ச் சான்றோர் அதனை வழிச்செல்லுதற்கும் வழங்கினர். ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்திற்குச் செல்வோன் பொருளை மட்டுமன்றிப் பொழுதையும் உடல் வலிமையையும் செலவிடுகின்றானாதலின், இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியது பொருத்தமே. அம்மூன்றனுள் மீண்டும் ஈட்டவொண்ணாதது பொழுதொன்றே. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றதினும் மிகுதியாக, காரமடையிலுள்ள எம் இல்லத்துத் திண்ணையில் மைசூர் நகர்க்கு ஒருநாட் செலவு வகுக்கப் புகுந்த ஞான்று கற்றோம்.

வழி வகுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளே. ஆறு என்பது வழி. வழியிற் செலுத்துவது ஆற்றுப்படை. அவற்றுள் மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களையெல்லாம் எடுத்துரைக்கின்றார். பன்றிக்கு வைத்த பொறியும், பாம்புறையும் குழியும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லும், வழுக்கும் பாறையும் அங்குக் கூறப்படுகின்றன. இந்நாளில் கைபேசியின் திரையிலே வழி காட்டுங் கருவி உளதாயினும், அஃது எவ்வளவு தொலைவு, எத்துணை நேரம் என்பதையே கூறும். உடன் வருவோர் யார், அவர் உடல்நிலை யாது, சென்று சேருமிடத்தில் யார் காத்திருக்கின்றனர் என்பவற்றை அஃது அறியாது.

எம்முடன் வருபவர் எம் தாயைப் பெற்ற பாட்டியார். எம் நாட்டு வழக்கில் அமுச்சி. அவர்க்கு அகவை 78. அவர்தம் தமக்கையார் மணமாகி மைசூர் சென்று அறுபதாண்டுகள் கழிந்தன. அவர்க்கு அகவை 83. உடன்பிறந்த இருவரும் இறுதியாக ஒருவரையொருவர் கண்டது 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில். அவ்வாண்டு செப்டம்பரில் காவிரி நீர் பற்றிய பிணக்கு மூண்டு, எல்லையில் வண்டிகள் நின்றன. 2020-இல் கொள்ளைநோய் வந்து வழிகளை அடைத்தது. அதன்பின் தமக்கையார்க்கு நடை தளர்ந்தது; செவிப்புலனும் மிகக் குறைந்தது. தொலைபேசியில் இவர் கூறுவது அவர் செவிக்கு எட்டுவதில்லை. அவர் மருமகள் உரக்கச் சொன்ன பின்னரே விடை வரும். “இரண்டு பேர் பேச மூன்றாம் ஆள் வேண்டியிருக்கிறது, கண்ணு” என்று அமுச்சி எம்மிடம் ஒருநாட் சொன்னார். நேரிற் சென்று கைப்பற்றியிருந்தாலன்றி அவர்க்குள் உரையாடல் இல்லை என்பது அன்று விளங்கிற்று.

இரும்புப்பாதை வழியே நேராகச் செல்லலாகாதோ எனின், சத்தியமங்கலத்திலிருந்து சாமராஜநகர்க்குப் பாதை இடவேண்டுமென்னும் பேச்சு நெடுநாளாக உண்டேனும், காட்டினூடே அஃது இதுகாறும் இடப்படவில்லை. ஆதலின் எம் அம்மான் தமது மோட்டார் வண்டியிலேயே அழைத்துச்செல்ல இசைந்தார். வழியை ஆராய்ந்து எழுதும் பணி எம்மிடம் விடப்பட்டது.

ஆராய்ந்தவிடத்து மூன்று வழிகள் தோன்றின. தமிழ் பயில்வோர் நாவிற்குத் திணைப்பெயர் எளிதில் வருமாதலின், அவற்றைக் குறிஞ்சி வழி, முல்லை வழி, மருத வழி எனப் பெயரிட்டுக்கொண்டோம்.

குறிஞ்சி வழி எம்மூர்க்கு மிக அணித்தாய்த் தொடங்குவது. காரமடையினின்றும் மேட்டுப்பாளையம் அடைந்து, குன்னூர் வழியாகவேனும் கோத்தகிரி வழியாகவேனும் உதகமண்டலம் ஏறி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை, நஞ்சன்கூடு எனச் செல்வது. ஏறத்தாழ 220 கிலோமீட்டர். காட்சிக்கு இதனை ஒப்பது பிறிதில்லை. ஆயினும் உதகை கடல்மட்டத்திற்குமேல் 2,200 மீட்டருக்கு மிக்க உயரமுடையது. எம்மூர் வெயிலிற் புறப்பட்டவர் மூன்று மணி நேரத்திற் குளிரில் நடுங்குவர். பின்னர்க் கூடலூர்க்கு இறங்குகையில் மீண்டும் வளைவுகள். 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இணையவழி அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டுமென்னும் விதியும் வந்தது. இவற்றினும் மேலாக, பந்திப்பூர்க் காட்டுவழி 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணிக்கு அடைக்கப்பட்டுக் காலை 6 மணிக்கே திறக்கப்படுகின்றது. வண்டிகளில் அடிபட்டு மான் முதலிய விலங்குகள் இரவில் மடிந்தமையே அத்தடைக்குக் காரணம்.

முல்லை வழி அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் கடந்து பண்ணாரியடியிற் காடு புகுவது. அங்கிருந்து 27 கொண்டையூசி வளைவுகள் ஏறித் திம்பம் அடைந்து, ஆசனூர், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியே மைசூர் சேர்வது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வளைவுகள் எண்ணிக்கையில் மிக்கனவேனும் ஒரே ஏற்றத்தில் அடுத்தடுத்து முடிந்துவிடும். திம்பத்திற்கு அப்பால் மேட்டுநிலம். இதுவும் 2013 முதற் புலிகள் காப்பகம். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் இவ்வழியிலும் இரவுப் போக்குவரத்திற்குத் தடையுண்டு.

மருத வழி சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூர் எனச் சுற்றிச் செல்வது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை அதன் இறுதிப் பகுதி. கொண்டையூசி வளைவு இல்லை, யானை இல்லை, இரவில் அடைக்கும் வாயிலும் இல்லை. ஆனால் தொலைவோ 500 கிலோமீட்டரை ஒட்டியது. முதுகெலும்பு தேய்ந்த முதியவரைப் பத்து மணி நேரம் இருக்கையில் அமர்த்துதல் அறமாகாது. மேலும் பெங்களூரின் நெரிசலில் எவ்வளவு பொழுது கழியுமென்று எவரும் முன்னறிந்து கூறவியலாது.

முல்லை வழியே தக்கது என்று யாம் கூறியபோது எம் அன்னையார் முகம் வாடிற்று. அவர் இளமையில் அவ்வழிக்குப் பெரிதும் அஞ்சியவர். 2000-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச்சென்றது தாளவாடிப் பக்கத்துத் தொட்டகாஜனூரிலன்றோ? அவர் 108 நாட்களின் பின்னரே விடுவிக்கப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பன் இறந்த பின்னும் நெடுநாள் எம் இல்லத்தார் அக்காட்டைக் கடக்க விரும்பவில்லை. அதற்கும் முன்னரோ அது படை நடந்த வழி. 1790-ஆம் ஆண்டு செப்டம்பரில் திப்பு சுல்தானின் சேனை கெஜலட்டிக் கணவாய் வழியே இறங்கிவந்து சத்தியமங்கலத்தருகே ஆங்கிலேயருடன் பொருதது. அக்கணவாயின் அடியைக் காத்த தணாயக்கன்கோட்டையோ இந்நாளிற் பவானிசாகர் நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிக் கிடக்கின்றது. சேனைக்கும் கொள்ளையர்க்கும் அஞ்சிய வழியில் இப்போது அஞ்சத்தக்கவை இரண்டே: ஒன்று வளைவில் எதிர்ப்படும் சுமை லாரி, மற்றொன்று யானை. காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கத்தில் கரும்பேற்றிவரும் லாரிகளை எதிர்நோக்கி யானைகள் நிற்பது வழக்கமாகிவிட்டது. யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்றுவிட வேண்டும், ஒலியெழுப்பலாகாது, வண்டியினின்றும் இறங்கலாகாது, உணவு எறியலாகாது. இவை எம் அம்மான் விதித்த சட்டங்கள். மலையேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடல் வேண்டும் என்பதும், இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கல் வேண்டும் என்பதும் அவர் எம்மிடம் பன்முறை கூறியவை.

அடுத்து, கொண்டுசெல்வன. வண்டிக்கு உரிமம், பதிவுச்சான்று, காப்பீடு, புகைச்சான்று. மாற்றுச்சக்கரத்திலும் காற்று உண்டா எனப் பார்த்தல். அமுச்சிக்கு இரத்தக்கொதிப்பு மாத்திரை, எலுமிச்சம்பழம், சுக்கு, கம்பளி. வளைவுகளில் தலைசுற்றாமலிருக்க அவர் முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள வழியையே நோக்குதல் நன்று. புறப்படுமுன் வயிறுமுட்ட உண்ணலாகாது. முற்றும் வெறுவயிறும் ஆகாது. கட்டுச்சோறாகப் புளிச்சோறு. தமக்கையார்க்குக் கையுறையாக எது வேண்டுமென்று கேட்டபோது, அம்மருமகள் வாயிலாக வந்த விடை, “காரமடைக் கறிவேப்பிலை” என்பதே. எம்மூர்ப் புலங்களில் விளையும் செங்காம்புக் கறிவேப்பிலையின் மணத்தை அவர் அறுபதாண்டாகியும் மறந்திலர். ஈரத்துணியிற் சுற்றி ஒரு கட்டு எடுத்துச்செல்ல வேண்டுமென்று எழுதிக்கொண்டோம்.

நாள் குறிப்பதிலும் ஓர் இடர் இருந்தது. மாசித் தேர்த்திருவிழாக் காலத்தில் எம்மூர்ப் பெருவழியில் வண்டி நகர்தல் அரிது; ஆதலின் அதன்முன் ஒரு சனிக்கிழமை தெரிந்துகொள்ளப்பட்டது. அம்மான் வகுத்த நேரக்கணக்கு இது: காலை 5 மணிக்குக் காரமடை, ஏழு மணியளவிற் பண்ணாரி, எட்டு மணியளவில் திம்பம், பதினொரு மணிக்கு மைசூர். மாலை 3 மணிக்கு அங்கிருந்து மீட்சி. இருட்டுமுன் திம்பம் இறக்கம். இரவு 9 மணிக்கு இல்லம். மறுநாள் ஞாயிறு வழிபாட்டிற்குத் தவறாது ஆலயம் சேரலாம். ஒருநாளில் நானூறு கிலோமீட்டர். குறைகூற இடமற்ற கணக்காகவே அது தோன்றிற்று.

அமுச்சி அதனைப் படிக்கச்சொல்லி முழுதும் கேட்டார். பின்பு விரல் மடக்கி, “பதினொன்றிலிருந்து மூன்று, நாலு மணி நேரம். அதிலே சோறு உண்ண ஒரு மணி. அக்கா மதியம் இரண்டு மணி உறங்குகிறாள். மிச்சம் எவ்வளவு?” என்றார்.

“ஒரு மணி நேரம், அம்மா” என்றார் அம்மான், தாழ்ந்த குரலில்.

“மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து போனாள். எலிசபெத்தைப் பார்த்து மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்பினாள். நீங்கள் எனக்கு ஒரு மணி நேரம் எழுதியிருக்கிறீர்கள்.”

அவர் சினந்து கூறவில்லை, நகைத்துக்கொண்டே கூறினார். ஆயினும் எவரும் சிறிது நேரம் வாய் திறந்திலர். அம்மான் தம் அச்சத்தை மறைக்கவில்லை. அயலூரில் அவர்க்கு உடல் நலங்குன்றினால் யாது செய்வது, இரவில் இரு காட்டுவழியும் அடைபட்டிருக்குமே, ஓடி வர இயலாதே என்றார். அஃது உண்மையே, மகன் ஒருவன் அஞ்சத்தக்க அச்சமே. அமுச்சியோ, “மைசூரில் மருத்துவர் இல்லையா? ஆலயம் இல்லையா? இங்கே இருந்தால் மட்டும் நோய் வாயிலில் நின்று உத்தரவு கேட்குமா? அடுத்த ஆண்டு போகலாம் என்று எட்டு ஆண்டு சொல்லிவிட்டோம்” என்றார். இதற்கு விடை சொல்வார் எம்முள் ஒருவருமிலர்.

அப்போது எமக்கு ஆற்றுப்படை நூல்களின் அமைதி நினைவிற்கு வந்தது. அவை வழியிடர்களை எவ்வளவு விரித்துரைப்பினும் வழியோடு முடிவதில்லை. வள்ளலின் இல்லத்தில் விருந்துண்டு, விடைபெற மனமில்லாது தங்கியிருந்து, அவன் பிரிய மனமின்றி விடுக்கப் பெற்ற பின்னரே மீள்வதைக் கூறுகின்றன. வழி என்பது சென்றடையும் இல்லத்தின்பொருட்டே உளது. இதனை யாம் எடுத்துரைத்தபோது எம் அன்னையார், “தமிழ் படிக்க வைத்ததற்கு இன்றுதான் பயன் கண்டேன்” என்றார். அஃது ஏளனமோ பாராட்டோ இன்றும் தெளிந்திலேம்.

முடிவில் வழி மாறவில்லை; நாளே மாறிற்று. போவதற்கு ஒருநாள், அம்மானும் யாமும் ஓரிரவு தங்கி, மறுநாள் மைசூரிலேயே வழிபாடு முடித்துப் பகலிற் காட்டைக் கடந்து மீள்வது. அமுச்சி அங்கேயே இருப்பார். மாத்திரைகள் ஒரு மாதத்திற்கு வாங்கப்பட்டன. மருத்துவர் எழுதிய சீட்டின் படியொன்று பையில் வைக்கப்பட்டது. தமக்கையாரின் மருமகள் மிக மகிழ்ந்து, முன்னறையிற் கட்டிலிடுவதாக அறிவித்தார். ஒரே நாளில் இருமுறை மலைவழி கடக்கும் களைப்பு நீங்கியமையின், திம்பத்தில் வண்டியை நிறுத்தி அமுச்சி தேநீர் அருந்தவும் நேரங் கிடைத்தது.

நெடுவழி செல்ல எண்ணும் நண்பர்காள், வழித்தொலைவையும் வாயில் அடைக்கும் நேரத்தையும் எழுதுமுன், சென்ற இடத்தில் இருக்கும் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சிய பொழுதிற்கேற்ப வழியை வகுத்துக்கொள்ளலாம். யாம் எழுதிய தாளில் புறப்படும் நேரம் 5 மணி என்றும், வழி திம்பம் என்றும், கையுறை கறிவேப்பிலை என்றும் உளது. அமுச்சி மீளும் நாள் என்னும் இடத்தை மட்டும், அவர் சொற்படி, வெறிதே விட்டுள்ளோம்.