பனியும் படங்கும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் முதியோர் வாக்கு. தரையையும் மச்சையும் துளைக்கும் பனி, மோட்டார்க் காரின் மேனியை மட்டும் விட்டுவைக்குமா? நுவரெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் துரையின் சாரதியாக இருந்த என் தந்தையாருக்கு, மார்கழி பிறந்ததும் ஆண்டுதோறும் எழுந்த கவலை இதுவே.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. மூடுபனி நிறைந்த இரவுகளில் அங்கே உறைபனி விழுவதில்லை. முகிலற்று விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இரவுகளே அஞ்சத்தக்கவை. பகலில் நிலம் பெற்ற வெப்பம் தடையின்றி வானுக்குச் செல்லும், குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்கும், விடியலில் புல் வெண்மையாகும், கொழுந்து கருகும். திறந்த வெளியில் நிற்கும் காரின் கூரையும் கண்ணாடியும் அவ்வாறே வெப்பத்தை இழந்து உறைபனியால் மூடப்படும். படங்கு ஒன்றைப் போர்த்தினால் போதும். அது வெப்பத்தைத் தருவதில்லை. இருக்கும் வெப்பம் விரைந்து போகாமல் தடுக்கிறது. இவ்விஞ்ஞானத்தைப் பின்னாளில் நான் நூல்களிற் கற்றேன். அப்பா அதைக் கைகளால் அறிந்திருந்தார்.

துரையின் கார் ஒரு மொரிஸ் மைனர். குளிர்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவிப் பனியை உருக்குகின்ற இங்கிலாந்திலிருந்து வந்த கார் அது. உப்புநீர் இரும்பை விரைவில் தின்றுவிடும். நமது மலையில் அவ்வுப்பு இல்லை. ஆயினும் ஈரம் ஓய்வதில்லை. ஆகவே, அப்பா மாலைதோறும் மட்காட்டின் உட்புறத்தில் அப்பிய சேற்றைக் குச்சியால் நெம்பி எடுத்துக் கழுவுவார். கதவுகளின் அடியில் நீர் வடிவதற்கென உள்ள சிறு துளைகளை ஈர்க்கினால் குத்தித் திறப்பார். வெயில் சாயுமுன் ஈரத்தை ஒற்றி எடுப்பார். இல்லையேல் கதவோரத்து இறப்பரில் நீர் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். கல்பட்டுப் பெயர்ந்த இடத்தில் அன்றே வர்ணம் தொடுவார். குளிர் தொடங்குமுன் மெழுகை மெல்லிதாகப் பூசித் துடைப்பார். துரு எப்போதும் உள்ளிருந்தே தொடங்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்பது அவர் கூற்று.

மொரிஸ் மைனர் உலகிற்கு அறிமுகமானது 1948ஆம் ஆண்டில். மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே. அப்பா துடைத்துப் பளபளக்க வைத்த காருக்கு இந்நாட்டில் பதிவெண் இருந்தது. இந்நாட்டிலேயே பிறந்த அப்பாவுக்குக் குடியுரிமை இருக்கவில்லை. இதனைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

1971ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஓரிரவு. கார்க்கொட்டகையின் கூரையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தமையால், கார் பங்களா முற்றத்தில் நின்றது. எங்கள் லயத்துக் காம்பராவில் தங்கைக்குக் கடுங்காய்ச்சல். தகரத்தின் இடைவெளிகளால் குளிர் இறங்கியது. இருந்த கம்பளி இரண்டும் போதவில்லை. நள்ளிரவில் வெளியே சென்ற அப்பா, காரைப் போர்த்தியிருந்த படங்கைக் கொண்டுவந்து தங்கைக்கு மேல் விரித்தார். விடியுமுன் எடுத்துச் சென்றுவிடலாம் என்று எண்ணியிருப்பார். களைப்பில் உறங்கிவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விடியலில் விழித்து வெளியே சென்ற நான், காரின் முன்கண்ணாடி வெள்ளையாக இறுகியிருக்கக் கண்டேன். அப்பாவுக்கு உதவுவதாக எண்ணி, அம்மா அடுப்பில் வைத்திருந்த வெந்நீரைத் தூக்கிச் சென்று ஊற்றினேன். கண்ணாடியில் கல்லடித்த சிறு வடு ஒன்று முன்னரே இருந்தது. வெப்பம் பட்ட மேற்புறம் சட்டென விரிய, உட்புறம் குளிர்ந்தே இருந்தது. சடசடவென்ற ஓசை எழுந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளை வலையாயிற்று.

துரை வெளியே வந்தபோது அப்பாவும் ஓடிவந்துவிட்டார். என் கையில் இருந்த பாத்திரத்தை வாங்கித் தம் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தாங்க ஊத்திட்டேன். புத்தியில்லாம செஞ்சிட்டேங்க" என்றார்.

பதினைந்து ஆண்டுகள் அக்காரைக் காத்தவர் அவ்வாறு செய்யக்கூடியவரல்லர் என்பது துரைக்குத் தெரியாதிருக்க முடியாது. ஆயினும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியின் விலை அப்பாவின் சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்டது. படங்கு எங்கே போயிற்று என்ற வினாவுக்கு மட்டும் அப்பா விடை கூறவில்லை. தங்கை பிழைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உறைஞ்சதுக்கு அவசரமா சூடு காட்டக்கூடாதுப்பா. பச்சத் தண்ணிய ஊத்தி, மெதுவா எளக்கணும்" என்றார். நான் செய்த பிழையை மட்டுமே அவர் கூறினார் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கியபோது அப்பா உயிருடன் இல்லை. லயங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் இன்றும் பலர் வாழ்கின்றனர். பல்கலைக்கழகத்தில் ஆசிரியனான பின்னர் நானும் பழைய கார் ஒன்றை வாங்கினேன். தை மாதத்தில் நுவரெலியாவுக்குச் சென்று தங்கும்போது, இரவில் எழுந்து வானத்தைப் பார்ப்பேன். விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தால், படங்கை எடுத்துக்கொண்டு வெளியே செல்வேன். காரைப் போர்த்துமுன் கை ஒருகணம் தயங்கும். இம்மலையின் எந்தக் காம்பராவில் எந்தக் குழந்தை இந்நேரம் குளிரில் விழித்திருக்கிறதோ என்ற எண்ணம் எழும். பனியிலிருந்து காரைக் காக்கும் வழிகள் யாவற்றையும் அப்பா எனக்குக் கற்பித்தார். எதைப் போர்த்துவதற்காக எதைத் திறந்து விடலாம் என்பதை அவ்வோரிரவில்தான் கற்பித்தார்.