நாவும் செவியும்

சென்ற ஆண்டு போடி மலைமேல் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தோழி எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தமிழ்ப் பாடம் வாசிக்க அவள் எழுந்தபோது, அவளது உச்சரிப்பைக் கேட்டு நாங்கள் கொல்லென்று சிரித்துவிட்டோம். அன்று உட்கார்ந்தவள் ஒரு வாரம் வரை வகுப்பில் வாய் திறக்கவில்லை.

தமிழாசிரியையான அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "எல்லோரும் 'வாழைப்பழம்' என்று சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் வாயிலிருந்து வந்ததோ 'வாளப்பளம்'! வெட்கித் தலைகுனிந்தோம்.

பின்னர் அவர் நீலகிரியில் வாழும் தோடர்களின் மொழியைப் பற்றிச் சொன்னார். அதைப் பேசுவோர் 2,000 பேர்கூட இல்லை. அது தமிழின் உறவுமொழியே. நம் 'கண்' அங்கே 'கொண்'. நம் 'கால்' அங்கே 'கோல்'. நாம் ர, ற என இரண்டு எழுத்துகளை வைத்திருந்தும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாக்கிவிட்டோம். தோடர்களோ நாநுனியைப் பல்லருகே ஒன்று, சற்றுப் பின்னே ஒன்று, மேலே வளைத்து ஒன்று என மூன்று இடங்களில் அதிரச் செய்து, மூன்று ரகரங்களை வேறுபடுத்துகிறார்கள். 1935-இல் இந்தியா வந்த எமனோ என்னும் அறிஞர், தோடர்களிடமே கேட்டு இம்மொழியை எழுதிக்கொண்டார். அவரது தோடா இலக்கண நூல் 1984-இல் வெளிவந்தது.

ஆவல் மிகுந்து நாங்களும் தேடிப் படித்தோம். பப்புவா நியூகினியின் போகன்வில் தீவில் ரொடோகாஸ் என்றொரு மொழி உண்டு. அதை எழுத 12 எழுத்துகளே போதும். அதன் நடுப்பகுதி வழக்கில் ம, ந போன்ற மெல்லொலிகள் தனியாக இல்லை. தம் மொழியை அயலார் பேசும் விதத்தை நடித்துக் காட்டும்போதுதான் அவை பெரும்பாலும் அவர்கள் வாயில் வருமாம்! நாம் அன்போடு அழைக்கும் 'அம்மா'வும் அவர்கள் செவிக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும் போலும்.

"புனித பேதுருவையும் முற்றத்தில் நின்றவர்கள் கலிலேயப் பேச்சைக் கொண்டுதானே அடையாளம் கண்டார்கள்? அந்த நாவையே ஆண்டவர் தம் திருச்சபைக்குத் தேர்ந்துகொண்டார்" என்று அருட்சகோதரி கூறியது எங்கள் உள்ளத்தைத் தைத்தது.

அன்று மாலை விடுதியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல் எங்களுக்கு அருகில் வந்து அமர்ந்தாள். இந்த ஆண்டு இலக்கிய மன்றத்தில் அவள் வாசிக்கிறாள். நாங்கள் அமைதியாகக் கேட்கிறோம். எங்களுக்கு 'ழ' இன்னும் முழுதாக வசப்படவில்லை. பழகிக்கொண்டிருக்கிறோம்.