மூன்று பொத்தான்கள்

2004இல் ஜெனீவா கார் கண்காட்சியில் வோல்வோ ஒரு காரைக் காட்டியது. பெயர் ஒய்.சி.சி. வடிவமைப்பு முடிவுகள் எல்லாம் பெண்கள் எடுத்தவை. ஓட்டுபவரின் உடலை அளந்து சாவியில் பதித்துவிடுவார்கள். ஏறி உட்கார்ந்தால் இருக்கை, ஸ்டியரிங், பெடல் எல்லாம் அவர் உடம்புக்கு ஏற்ப நகர்ந்து வரும். கைப்பைக்குத் தனி இடம். பின்னால் தூக்கிக் கட்டிய முடிக்கு, தலை சாய்க்கும் திண்டில் ஓர் இடைவெளி. பானெட்டை மட்டும் உரிமையாளர் திறக்க முடியாது. அதில் எனக்கு உடன்பாடில்லை. "உங்களுக்கு எதுக்கு மேடம் இஞ்சின்?" என்று பாலக்கரை மெக்கானிக்கும்தான் கேட்கிறார். அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை.

இருக்கையின் ஞாபகசக்தி மட்டும் இன்றைய சொகுசுக் கார்களில் சாதாரணம். என் பெரியம்மா மகள் வீட்டுக் காரிலும் உண்டு. மூன்று பொத்தான்கள். ஒன்று அத்தானுக்கு, இரண்டு மகனுக்கு, மூன்று டிரைவருக்கு. அழுத்தினால் இருக்கை பின்னே போகிறது, ஸ்டியரிங் உயர்கிறது, கண்ணாடிகள் திரும்புகின்றன. மாதத் தவணையில் பாதி அக்காவின் சம்பளம். லைசென்ஸும் இருக்கிறது. காவிரிப் பாலத்து நெரிசலில் இருபது வருடம் ஸ்கூட்டி ஓட்டி ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கு வேலைக்குப் போனவள், இப்போது பின்சீட்டில், கொண்டையும் பூவும் திண்டில் இடிக்க, சாய முடியாமல் முன்னால் குனிந்து வருகிறாள். குளிர்காற்று மட்டும் கேட்ட அளவுக்கு வருகிறது.

பழைய பதிவை மாற்றுவது சுலபம். இருக்கையை நமக்கேற்பச் சரிசெய்து, 'எம்' பொத்தானைத் தொட்டு, ஏதாவது ஓர் எண்ணை அழுத்தினால் போதும். சொன்னேன்.

"மூணு பேர்ல யாரை அழிக்கிறதுடி?" என்றாள்.